மூன்று நரம்பு இலை, இரண்டு கன்று: ஒன்று மணக்கிறது, இன்னொன்று மணக்கவில்லை. என்ன செடி?

மாடித்தொட்டி:

எல்லோருக்கும் வணக்கம். லவங்கப்பட்டைக் கன்று என்று சொல்லி ஒரு நர்சரியில் கொடுத்த இரண்டு செடிகளைப் பற்றிய கேள்வி. இரண்டும் ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. அதே கறுப்பு நாற்றுப் பை, அதே மண். பையில் குத்தியிருந்த பிளாஸ்டிக் அட்டையில் மார்க்கரால் எழுதியது வெயிலில் வெளுத்துவிட்டது. ஒன்றில் 'ப' மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இன்னொன்றில் அதுவும் இல்லை.

வாங்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. முழங்கால் உயரம். இலை பளபளப்பாக, ஓரத்தில் பல் ஏதும் இல்லாமல் இருக்கும். சாதாரணமாக இலை என்றால் நடுநரம்பு ஒன்று, அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளை நரம்புகள் என்றுதானே இருக்கும்? இவற்றில் அப்படி இல்லை. அடியிலேயே மூன்றாகப் பிரிந்து, ஓரத்து இரண்டும் வளைந்து நுனிவரை போகின்றன. பட்டைச் செடிக்கு அடையாளமே அந்த மூன்று நரம்புதான் என்று படித்திருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

தொட்டிக்கு மாற்றி, துளிர் விட்ட பிறகுதான் இரண்டும் வேறு வேறு ஜாதியோ என்று தோன்றுகிறது. ஒன்றின் துளிர் நல்ல இளஞ்சிவப்பு, துவண்டு தொங்குகிறது. மற்றதன் துளிர் வெளிர்பச்சை, பிறந்ததிலிருந்தே விறைப்பாக நிற்கிறது. சிவப்புத் துளிர்க்காரியின் இலையைக் கசக்கினால் மணம் கும்மென்று வருகிறது. ஆனால் அது பட்டை மணம் இல்லை, சுத்தமான கிராம்பு மணம். பச்சைத் துளிர்க்காரியைக் கசக்கினால் வெறும் தழை வாசம், அவ்வளவுதான்.

செடி காட்டும் செயலியில் படம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர்: லவங்கப்பட்டை, கற்பூர மரம், எட்டி, இலந்தை. ஒரே செடியின் ஒரே இலைக்கு!

நர்சரிக்காரரிடம் போனில் கேட்டால், "ரெண்டும் பட்டைதாங்க, வளர வளர வாசனை வரும்" என்கிறார். அப்படியும் இருக்குமா? இரண்டு இலைகளின் படமும் இணைத்திருக்கிறேன். பச்சைத் துளிர் இலையைக் கொஞ்சம் கடித்துப் பார்த்தால் பட்டை காரம் தெரியுமே என்று நினைத்தேன். அதற்குமுன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றுதான் இந்தப் பதிவு.

கொடிமுல்லை:

கிராம்பு மணம் வருகிறது என்றால் அது கிராம்புச் செடிதானே? கிராம்புக்கும் துளிர் சிவப்பாகத்தான் வரும், நான் பார்த்திருக்கிறேன். மணக்காதது காட்டுப்பட்டையாக இருக்கலாம். காட்டு வகைகளில் மணம் குறைவு என்பார்கள்.

பதியன்:

மாடித்தொட்டி, முதலில் ஒன்று. அந்த இலையை வாயில் வைக்காதீர்கள். நுனி நாக்கிலும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கசக்கின கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

நாற்று வளர்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. விதை போடுவது, பதியம் வைப்பது, ஒட்டுக் கட்டுவது எல்லாம் செய்கிறேன். பெயர் தெரியாத இலைப் படத்தோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் படம்தான் கொண்டு வருகிறார்கள். இலையைப் பறித்து, தரையில் மல்லாக்க வைத்து, நேர் மேலேயிருந்து எடுத்த படம். நீங்களும் அதைத்தான் போட்டிருக்கிறீர்கள். இலையின் முகத்தை வைத்துப் பெயர் சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வழி. முட்டை வடிவம், கூர் நுனி, பளபளப்பு என்று சொன்னால் அதில் உலகத்து மரங்களில் பாதி அடங்கிவிடும். இலை தண்டோடு ஒட்டுகிற இடம்தான் எனக்கு வேண்டும். பறித்த இலையில் அது இருக்காது.

அதனால் செடியிலேயே வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

இலைகள் ஜோடியாக, நேர் எதிராக நிற்கின்றனவா, அல்லது இங்கொன்று அங்கொன்றாக மாறி மாறி வருகின்றனவா? இரண்டு செடிக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

ஜோடியாக இருந்தால், இரண்டு காம்பும் தண்டைத் தொடும் இடத்தில், ஒரு காம்பின் அடியிலிருந்து எதிர்க்காம்பின் அடிவரை தண்டைச் சுற்றிக் குறுக்கே கோடு ஏதாவது ஓடுகிறதா? நகத்தால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தில் தட்டும்.

காம்பு எவ்வளவு நீளம்? இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரிகின்றனவா? நரம்பு மூன்றுதானா, ஓரத்தை ஒட்டி மெலிதாக இன்னும் இரண்டு இருக்கிறதா? அடிப்புறத்தில் முடி இருக்கிறதா? காம்பைக் கிள்ளினால் பால் வருகிறதா? பால் வந்தால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு போதும். வடிவம், அளவு எல்லாம் அப்புறம்.

மாடித்தொட்டி:

நன்றி பதியன் அண்ணா. (அண்ணா என்றே வைத்துக்கொள்கிறேன், அக்காவாக இருந்தால் மன்னிக்கவும்.) வாயில் வைக்கவில்லை. பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன்.

சிவப்புத் துளிர்: இலைகள் ஜோடிதான். ஆனால் எல்லா ஜோடியும் சரியாக நேர் எதிர் இல்லை. சில இடங்களில் ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே என்று விலகி நிற்கிறது. காம்புகளுக்கு நடுவில் தண்டு வழுவழுப்பாக இருக்கிறது, கோடு எதுவும் இல்லை. நரம்பு மூன்று. பழைய இலைகளில் ஓரத்தை ஒட்டி மெல்லிசாக இன்னும் இரண்டு இருப்பதாகவும் சொல்லலாம். வெயிலில் பிடித்தால் புள்ளி தெரியவில்லை. பால் இல்லை. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். இப்போது பட்டை மணம் வருகிறது! இலையில் கிராம்பு, தண்டில் பட்டை. என் மூக்கில்தான் கோளாறோ என்று வீட்டில் இன்னொருவரை முகரச் சொன்னேன், அவரும் அதையேதான் சொன்னார்.

பச்சைத் துளிர்: இலைகள் கச்சிதமான ஜோடி, ஒன்றுகூட விலகவில்லை. நீங்கள் சொன்ன கோடு இருக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, நகத்தில் தட்டுகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காம்பிலிருந்து காம்புக்குத் தண்டின் குறுக்கே மெல்லிய வரப்பு. கீழே ஒவ்வொரு கணுவிலும் அது இருக்கிறது. நரம்பு ஐந்து. நடுவில் மூன்று எடுப்பாக, ஓரத்து இரண்டும் மெலிதாக, பாதிக்கு மேல் போய் மங்கிவிடுகின்றன. காம்பு ஒரு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அடிப்புறம் வழுவழுப்பு. பால் இல்லை. சுரண்டினால் பச்சை வாசம், வேறு ஒன்றும் இல்லை. இலையும் மற்றதைவிட அகலம், அடிப்பக்கம் நன்றாக உருண்டிருக்கிறது.

அந்தக் கோடு அவ்வளவு முக்கியமா?

வேலிப்படல்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மணக்காதது இலந்தையாக இருக்கக்கூடாதா? இலந்தைக்கும் அடியிலிருந்து மூன்று நரம்புதானே? எங்கள் வேலியில் இருப்பதைப் பார்த்துச் சொல்கிறேன். செயலியும் இலந்தை என்று சொல்லியிருக்கிறது.

பதியன்:

வேலிப்படல், நரம்பைக் கவனித்தது நல்லது. இலந்தைக்கு மூன்று நரம்பு உண்டு, சரிதான். ஆனால் இலந்தை இலை மாறி மாறி வரும், ஜோடியாக வராது. ஓரத்தில் பொடிப் பல் இருக்கும், அடிப்புறம் வெள்ளைப் பஞ்சாக இருக்கும், காம்படியில் முள் இருக்கும். மாடித்தொட்டி சொன்னதில் இவற்றில் ஒன்றும் இல்லை. செயலியின் சிக்கலும் இதுதான். அதற்கு நாம் கொடுத்தது இலையின் முகத்தை மட்டும். மூன்று நரம்பைப் பார்த்து அந்த ஜாடையுள்ளவர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுவிட்டது. பட்டியலில் சரியான பெயரும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் எது சரி என்று அதற்குத் தெரியவில்லை.

சிவப்புத் துளிரை முதலில் முடித்துவிடுவோம். அது லவங்கப்பட்டைதான், சந்தேகமே வேண்டாம். பட்டை மரத்தின் விசேஷமே அது பாகத்துக்குப் பாகம் வேறு வேறாக மணப்பதுதான். இலையில் கிராம்பு, பட்டையில் பட்டை, வேர்ப்பட்டையில் கற்பூரம். இதைத் தெரியாமல் "என்னை ஏமாற்றிக் கிராம்புச் செடியைக் கொடுத்துவிட்டார்கள்" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

கொடிமுல்லை சொன்னதுபோல் கிராம்புக்கும் துளிர் சிவப்புத்தான். மாமரத்துக்கும் சிவப்புத்தான். சிவப்புத் துளிரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கிராம்பு இலையை எடுத்தால் நடுநரம்பு ஒன்று, அதிலிருந்து பொடிப் பொடியாக நெருக்கமான கிளை நரம்புகள், அவை எல்லாம் ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒரு கோட்டில் போய்ச் சேரும். வெயிலில் பிடித்தால் புள்ளி புள்ளியாக எண்ணெய்ப் பைகள் தெரியும். அது நாவல், கொய்யா குடும்பம். ஒரு கொய்யா இலையை வெயிலில் பிடித்துப் பாருங்கள், நான் சொல்லும் புள்ளி என்னவென்று புரிந்துவிடும். எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் குடும்பத்திலும் அதே புள்ளிகள்.

கற்பூர மரமும் பட்டைக்குச் சொந்தம்தான். நரம்பும் மூன்று. ஆனால் அதன் இலை மாறி மாறி வரும், கசக்கினால் கற்பூரம் மணக்கும். நரம்பு பிரியும் கவட்டில் குட்டிக் குழிகள் இருக்கும், அடிப்புறம் திருப்பினால் தெரியும். பட்டையில் இலை ஜோடியாக வரும், உங்கள் செடியில் இருப்பதுபோல் சில ஜோடிகள் கொஞ்சம் விலகியும் நிற்கும். ஜோடி பிசகியிருக்கிறது என்று நீங்கள் சொன்னதும்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

இப்போது பச்சைத் துளிர்.

அந்தக் கோடுதான் எல்லாவற்றையும் சொல்கிறது. பல செடிகளில் இலைக்காம்பின் அடியில் சின்னச் செதில் இருக்கும். பள்ளிப் புத்தகத்தில் இலையடிச் செதில் என்று படித்திருப்போம். பட்டை, கற்பூரம், பிரிஞ்சி எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் இலையடிச் செதில் கிடையவே கிடையாது. வளர்ந்தாலும் வராது, மண் மாற்றினாலும் வராது. அதனால் இரண்டு காம்புகளுக்கு நடுவில் தண்டு வழுவழுப்பாகத்தான் இருக்கும். உங்கள் இரண்டாவது செடியில் அங்கே வரப்பு இருக்கிறது. ஆகவே அது பட்டையும் இல்லை, காட்டுப்பட்டையும் இல்லை, அந்தக் குடும்பத்தில் எதுவும் இல்லை. மணம் வருமா வராதா என்று காத்திருக்கவே வேண்டாம்.

வரப்பு எப்படி இருக்கும் என்று கை பழக வேண்டுமானால் இட்லிப்பூச் செடியைத் தடவிப் பாருங்கள். அதில் காம்புகளுக்கு நடுவே முக்கோணமாகச் செதில் எழும்பி நிற்கும், குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். காபிச் செடியிலும் அப்படியே. ஆனால் இந்த இரண்டிலும் நரம்பு பக்கவாட்டில் கிளைக்கும், அடியிலிருந்து மூன்றாகக் கிளம்பாது.

ஜோடி இலை, அடியிலிருந்து மூன்று அல்லது ஐந்து நரம்பு, காம்புகளை இணைக்கும் மெல்லிய கோடு, பளபளப்பு, முடி இல்லை, மணம் இல்லை, பால் இல்லை. இவ்வளவும் சேர்ந்தால் என் மனதில் வருவது எட்டி இனம். தாவரவியலில் ஸ்ட்ரிக்னாஸ் என்பார்கள். எட்டி என்றால் விஷம். வாயில் வைக்காதீர்கள் என்று முதலிலேயே கத்தியது இதனால்தான். மூன்று நரம்பு, மணம் இல்லை, கடித்துப் பார்க்கட்டுமா என்ற மூன்றையும் ஒரே பதிவில் படித்தால் எனக்கு வயிறு கலங்காதா?

இன்னும் இரண்டு பேரை விலக்கிவிட வேண்டும். காயாம்பூவுக்குச் சொந்தமான மெலாஸ்டோமா வகைகளிலும் ஜோடி இலை, அடியிலிருந்து வரும் நரம்பு எல்லாம் உண்டு. ஆனால் அந்த இலை சொரசொரவென்று முடியோடு இருக்கும், நரம்புகளுக்கு நடுவே குறுக்கு நரம்புகள் ஏணிப்படியாகப் போகும். வழுவழுப்பு என்று நீங்கள் சொன்னதால் அது இல்லை.

அடுத்தவர் எட்டியின் உடன்பிறப்பு, தேற்றான்கொட்டை. கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் அதே கொட்டைதான். அதே இனம், அதே ஜோடி, அதே கோடு. பெயரைச் சொன்னால் பயப்படத் தேவையில்லாத மரம். இரண்டுக்கும் கன்றுப் பருவத்தில் வித்தியாசம் காட்டுவது காம்பு. தேற்றானுக்குக் காம்பு இருப்பதே தெரியாது, இலை தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். இலையும் சின்னது, இரண்டு முனையும் குறுகியிருக்கும். எட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் தெளிவான காம்பு, அகலமான இலை, உருண்ட அடி. நீங்கள் எழுதியது எட்டியை ஒத்துப்போகிறது. எட்டி இனம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிலே எட்டிதான் என்பதைக் காம்பின் அளவு, இலையின் அகலம் இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். காய் பார்த்தால் கேள்வியே இல்லை: எட்டிக்காய் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, உள்ளே கோட்டுப் பொத்தான் போலத் தட்டையான விதைகளோடு இருக்கும். தேற்றான் பழம் சின்னது, கறுப்பு, ஒற்றை விதை. ஆனால் கன்று காய்க்கும்வரை அதற்காக யார் காத்திருப்பது?

அப்புறம், நான் அண்ணா இல்லை, அக்காதான். பரவாயில்லை, பெயரைப் பார்த்தால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

சோதனைக்குழாய்:

வேதியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். பட்டை இலை எண்ணெயில் அதிகம் இருப்பது யூஜினால். கிராம்புக்கு மணம் கொடுப்பதும் அதே யூஜினால்தான். ஆகவே மாடித்தொட்டியின் மூக்கில் எந்தக் கோளாறும் இல்லை, சரியான பொருளைத்தான் முகர்ந்திருக்கிறது. தண்டின் பட்டையில் மேலோங்கி இருப்பது சின்னமால்டிஹைடு, நமக்குப் பழகிய பட்டை மணம் அதனுடையது. வேர்ப்பட்டையில் கற்பூரம்.

எட்டியில் இருப்பவை ஸ்ட்ரிக்னைன், புரூசின் என்ற விஷங்கள். விதையில்தான் அதிகம் என்றாலும் மற்ற பாகங்களும் ஆபத்தில்லாதவை அல்ல. ஸ்ட்ரிக்னைனை 1818-இல் பெல்லெத்தியே, காவென்தூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்தார்கள். தண்டுவடத்தில் தசைகளை அடக்கிவைக்கும் கிளைசின் சமிக்ஞையை இது தடுத்துவிடும். அடக்க ஆள் இல்லாததால் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகி வலிப்பு வரும். நினைவு தப்பாமலே வலிப்பு வருவதுதான் இதில் கொடுமை. கசப்பு தாங்காமல் உடனே துப்பிவிடுவோம் என்று நம்பிக்கொண்டு எதையும் செய்யக்கூடாது. சித்த மருத்துவத்தில் எட்டி விதையைச் சுத்தி செய்துதான் எடுக்கிறார்கள் என்பதைக் காட்டி "மருந்துச் செடிதானே" என்று யாராவது கீழே எழுதக்கூடும், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

தொட்டால் ஒன்றும் ஆகாது. கையைக் கழுவினால் போதும்.

கொடிமுல்லை:

அம்மாடி! பதியன் அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் ஜோடி, ஜோடி இல்லை என்று சொல்கிறீர்கள். வேப்பிலையில்கூட இலைகள் ஜோடி ஜோடியாகத்தானே இருக்கின்றன? அப்படியானால் வேம்பும் எதிரெதிர் இலைதானா?

பதியன்:

நல்ல கேள்வி, எல்லோரும் சறுக்கும் இடம். வேப்பங்கொத்தில் நீங்கள் ஜோடி ஜோடியாகப் பார்ப்பது இலை இல்லை, சிற்றிலை. அந்தக் கொத்து முழுவதும் சேர்ந்ததுதான் ஓர் இலை. எது இலை, எது சிற்றிலை என்று தெரிந்துகொள்ள மொட்டைத் தேடுங்கள். முழு இலை என்றால் அது தண்டோடு சேரும் மூலையில் குட்டி மொட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். சிற்றிலைக்கு அடியில் மொட்டு இருக்காது. வேப்பங்கொத்தின் அடியில் மொட்டு இருக்கும், கொத்துக்குள்ளே எங்கேயும் இருக்காது. அந்தக் கொத்துகள் கிளையில் மாறி மாறித்தான் வரும், ஆகவே வேம்பு மாற்றிலை. முருங்கையில் இந்த வேடிக்கை இன்னும் அதிகம், கொத்துக்குள் கொத்து, அதற்குள் இன்னொரு கொத்து. மொத்தமும் ஓர் இலைதான்.

நர்சரிக் கன்றுகளுக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. கன்றின் இலையும் மரத்தின் இலையும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. பலாக் கன்றில் சில இலைகள் விரல் விட்டதுபோல் பிளந்திருக்கும், பெரிய மரத்தில் முழுதாக இருக்கும். யூக்கலிப்டஸ் சிலவற்றில் கன்றுக்குக் காம்பில்லாத ஜோடி இலை, மரத்துக்கு அரிவாள் மாதிரி நீண்டு மாறி மாறி வரும் இலை. போதாக்குறைக்கு நிழல்வலைக்குக் கீழே வளர்ந்தால் இலை அகன்று மெலிந்துவிடும். புத்தகத்தில் போட்டிருக்கும் மரத்து இலைப் படத்தோடு கன்று இலையை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும். கோடு, செதில், பால், மணம், எண்ணெய்ப் புள்ளி போன்றவற்றை நான் பிடித்துக்கொள்வது அதனால்தான். நிழலோ வெயிலோ அவற்றை அவ்வளவாக மாற்றாது.

மாடித்தொட்டி, ஒரு வேலை செய்யுங்கள். நர்சரிக்காரரிடம் "இது பட்டையா" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார். "எட்டி விதை போட்டிருந்தீர்களா, எந்தப் பாத்தியில்" என்று கேளுங்கள். தண்ணீர் விடும்போதும் களை எடுக்கும்போதும் ஓரத்துப் பைகள் அடுத்த வரிசைக்கு நகர்ந்துபோவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. அட்டையும் வெளுத்திருந்தால் எடுத்து அடுக்குகிற ஆளுக்கு மூன்று நரம்பு எல்லாம் பட்டைதான். அவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். ஆனால் உங்களுக்கு வந்தது ஒன்று என்றால் வேறு யாருக்கும் போயிருக்கலாமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அப்படியே மார்க்கரைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் அட்டையில் சாதாரண பென்சிலால் அழுத்தி எழுதினால் வெயிலிலும் மழையிலும் நிற்கும். பென்சில் கரிக்கு வெளுக்கத் தெரியாது.

மாடித்தொட்டி:

அக்கா, கேட்டேன். நீங்கள் சொன்னபடியே கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, மூலிகைத் தோட்டம் ஒன்றுக்காக எட்டி நாற்றுப் போட்டதாகவும், அந்த வரிசை பட்டைக்கு அடுத்ததுதான் என்றும் சொன்னார். "இலையைப் பார்த்தே சொன்னீங்களா?" என்று கேட்டார். இலையைப் பார்த்து இல்லை, காம்படியைத் தடவி என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டு, பட்டை வரிசையில் மிச்சம் இருந்த பைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்ததாகவும், கோடு தட்டிய சில கன்றுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டதாகவும் சொன்னார். அந்த வரிசையில் வாங்கிப்போனவர்களில் தெரிந்தவர்களுக்குப் போன் செய்கிறாராம். எட்டிக் கன்றை அவரே திருப்பி எடுத்துக்கொண்டு வேறு பட்டைக் கன்று தருகிறார். நானே துளிரை முகர்ந்து, காம்படியைத் தடவிப் பார்த்துதான் எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வேலிப்படல்:

எட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? நல்ல மரம். இடம் இருந்தால் நான் வாங்கி நட்டிருப்பேன்.

பதியன்:

இடம் இருக்கிறவர்கள், அது என்ன மரம் என்று தெரிந்து நடுகிறவர்கள் தாராளமாக நடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. மாடித் தொட்டியில் பட்டை என்ற பெயரோடு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நர்சரிக்காரர் வரிசை முழுக்கத் தடவிப் பார்த்தார் என்பது கேட்க நிம்மதியாக இருக்கிறது. எல்லோரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

மாடித்தொட்டி:

ரொம்ப நன்றி அக்கா. கடைசியாக ஒன்று: பட்டைக் கன்றின் பழைய இலைகளில் நுனி மட்டும் பழுப்பாகக் காய்கிறது. இலையைப் பார்த்து அதற்கும் காரணம் சொல்ல முடியுமா?

பதியன்:

அதற்குத் தொட்டியின் அடி ஓட்டையையும் நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் பார்க்கவேண்டும். தனிப் பதிவாகப் போடுங்கள், இதற்குள் போட்டால் யாருக்கும் கிடைக்காது. போடும்போது படம் செடியோடு சேர்த்து எடுங்கள்.